‘ரிலீஸ்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும் முறை: பத்திரம், அணை, சிறை, திரையரங்கு

திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ் ஒன்றைப் பிரித்தால், பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறப்பு, பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து கைதிகள் விடுதலை, ஜங்ஷன் பக்கம் புதுப்படம் வெளியீடு, ஊராட்சிகளுக்கு நிதி விடுவிப்பு என்று நான்கு செய்திகள் நான்கு வேறு சொற்களில் கிடக்கும். இவற்றின் ஆங்கில மூலக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நான்கிலும் ‘ரிலீஸ்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். பத்திர எழுத்தரிடம் தொழில் பழகுகிறவர்கள், அரசு அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள், செய்தி மொழிபெயர்ப்பில் புதிதாக நுழைகிறவர்கள் ஆகியோர் இச்சொல்லை இடமறிந்து எழுதுவதற்கான வழியை இங்கே விளக்குகிறேன்.

வழி எளியது. ‘ரிலீஸ்’ என்று எங்கே கண்டாலும் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதுவரை பிடித்து வைத்திருந்தது யார் அல்லது எது? விடப்படுவது ஆளா, பொருளா, உரிமையா, செய்தியா? விட்ட பிறகு அது எங்கே அல்லது யாரிடம் போய்ச் சேருகிறது? மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும். விடை கிடைக்காத இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் பிழையாகவே முடியும். ஆங்கிலச் சொல் இம்மூன்றையும் தனக்குள் மறைத்துக்கொண்டு போகக்கூடியது. தமிழ் வினையோ ஏதேனும் ஒன்றையாவது வெளியே சொல்லித்தான் தீரும்.

சொல்லின் பூர்வீகம்

இம்மூன்று கேள்விகளும் ஏன் பொருந்துகின்றன என்பதை அறிய அச்சொல் வந்த பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலத்தீனில் ‘லக்ஸுஸ்’ என்றால் தளர்ந்தது, நெகிழ்ந்தது என்று பொருள். அதிலிருந்து ‘லக்ஸாரே’, தளர்த்துதல். அதற்கு முன்னொட்டுச் சேர்ந்து ‘ரெலக்ஸாரே’, இறுக்கிப் பிடித்ததைத் திரும்பவும் தளர்த்துதல். இது பழைய பிரெஞ்சு மொழியில் நாவுக்கேற்றபடி தேய்ந்து, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அங்கே நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் புழங்கிய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ‘ரிலீஸ்’ ஆயிற்று. அதே இலத்தீன் சொல் பிற்பாடு நேரடியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்தது; அதுதான் ‘ரிலாக்ஸ்’. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டும் வேறு வேறு வாசல் வழியாக வந்ததால் உருவம் மாறி நிற்கின்றன.

இந்தக் குடும்பம் பெரியது. மலமிளக்கி மருந்துக்குச் சொல்லும் ‘லாக்ஸேட்டிவ்’, நாயைப் பிடித்திருக்கும் வாரான ‘லீஷ்’, குத்தகை என்னும் ‘லீஸ்’ ஆகிய மூன்றும் இதே வேரிலிருந்து வந்தவை. வார் எப்படி இந்தப் பட்டியலில் வந்தது என்று வியப்பாக இருக்கலாம். பிரெஞ்சு வேட்டைக்காரன் நாயைத் தளர விட்டுப் பிடிக்கும் கயிறு என்பதே அதன் முதற்பொருள். இவற்றைவிடச் சுவையானது ‘ரெலிஷ்’. தின்ற பிறகு நாவில் விட்டுச் செல்லப்படுவது, அதாவது எஞ்சி நிற்கும் சுவை என்ற கருத்தில் உருவான சொல் அது. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிடி இருக்கிறது, அந்தப் பிடி தளர்கிறது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

மாணவர்களிடம் பரவலாக உள்ள ஒரு தவறான கருத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். ‘ரிலீஸ்’ என்பது ‘ரீ’ என்ற முன்னொட்டும் ‘லீஸ்’ என்ற குத்தகைச் சொல்லும் கூடியது, ஆகவே மறுகுத்தகை என்பதே அதன் மூலப்பொருள் என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஆனால் சொத்து ஆவணங்களில் நடுவே ஒரு சிறு கோடு போட்டு ‘ரீ-லீஸ்’ என்று எழுதியிருந்தால் அது வேறு சொல், அங்கே மறுகுத்தகை என்பதே சரியான பொருள். அந்தக் கோடு தட்டச்சில் விழுந்துபோன ஆவணங்கள் உண்டு. குத்தகைக் காலம், குத்தகைத் தொகை என்று அடுத்த வரிகளில் வந்தால் கோடு இல்லாவிட்டாலும் இருப்பதாகக் கொண்டு படிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் நிலவுடைமை வரலாற்றில் லீஸும் ரிலீஸும் கைகோத்து நடந்த காலமும் ஒன்று இருந்தது. 1536-இல் அங்கே வந்த ஒரு சட்டமும் அதையொட்டிய பதிவு விதியும் நில விற்பனையை ஊரறியப் பதிவு செய்யும்படி நெருக்கியபோது, வழக்கறிஞர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதலில் வாங்குகிறவருக்கு ஓராண்டுக் குத்தகை எழுதிக் கொடுப்பது. அதன் பின் விற்பவர் தம்மிடம் மீதியிருக்கும் உரிமையை அதே ஆளுக்கு ரிலீஸ் செய்து கொடுப்பது. இரண்டு தாளும் சேர்ந்தால் விற்பனை முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை இந்த இரட்டைத்தாள் முறை நடந்தது. இதை இங்கே சொல்லக் காரணம், நம் ஊரில் இன்றும் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்தின் உள்ளடக்கம் அந்த இரண்டாம் தாளின் உள்ளடக்கத்தோடு நெருங்கிய உறவுடையது என்பதுதான். ஏற்கெனவே சொத்தில் ஒரு கால் வைத்திருக்கிறவருக்கு, இன்னொருவர் தம் காலை எடுத்துவிட்டு வழிவிடுவது.

பத்திரத்தில் எழுதும்போது

சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘ரிலீஸ் டீடு’ என்பதற்கு நிலைத்துவிட்ட பெயர் விடுதலைப் பத்திரம் அல்லது விடுதலை ஆவணம். இதை மாற்றி உரிமை விடுவிப்பு முறி என்றோ வேறு புதுச்சொல் புனைந்தோ எழுத வேண்டாம். வில்லங்கச் சான்றில் என்ன பெயர் வருமோ அதே பெயர் மொழிபெயர்ப்பிலும் இருப்பதுதான் நல்லது. ஆனால் பெயர் நிலைத்திருப்பதாலேயே கையெழுத்துப் போடுகிறவருக்குப் பொருள் விளங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. தம்பிக்குப் பங்கை எழுதிக் கொடுக்க வந்த ஓர் அக்கா பத்திரக் கடையில் கேட்டதை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன்.

“அண்ணாச்சி, விடுதலைன்னு போட்டிருக்கே, நான் யாருகிட்ட மாட்டிக்கிட்டு கெடந்தேன், விடுதலை ஆகுததுக்கு?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நீங்க மாட்டலம்மா. அந்த வீட்டு மேல உங்க பாத்தியதை மாட்டிக்கிட்டு இருக்கு. அதை நீங்க விடுதிய, வீட்டுக்கு விடுதலை,” என்றார்.

இலத்தீன் படித்த பேராசிரியர் யாரும் இதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க மாட்டார். விடுதலை ஆவது ஆள் அல்ல, சொத்து. பிடித்திருந்தது அக்காவின் பங்குரிமை. போய்ச் சேரும் இடம் தம்பி. ஆகவே ஆங்கில வரைவைத் தமிழாக்கும்போது ‘விடுதலை செய்கிறேன்’ என்ற ஒற்றை வினையோடு நிறுத்தாமல் மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லும் வாசகம் வேண்டும். வழக்கில் உள்ள நல்ல வாசகம் ஒன்று இப்படிப் போகும்: ‘மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிவுபடாத மூன்றில் ஒரு பங்கு பாத்தியதையைத் தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இது முதல் அச்சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது.’ பங்கின் அளவு, யாருக்கு என்பது, இனி என்ன மிஞ்சுகிறது என்பது மூன்றும் அதில் இருக்கின்றன. பழைய மணிப்பிரவாள நடை என்று ‘பாத்தியதை’யை வெட்டிவிட்டு ‘உரிமை’ என்று மட்டும் எழுதினாலும் தவறில்லை. ‘பின்தொடர்ச்சி’யை மட்டும் வெட்ட வேண்டாம், அதுதான் பின்னாளில் வழக்கு வராமல் காக்கும் சொல்.

இந்தக் கவனம் பெண்களின் பங்கு தொடர்பான ஆவணங்களில் இரட்டிப்பாக வேண்டும். தமிழ்நாட்டில் 1989-இல் செய்த திருத்தத்தாலும், நாடு முழுமைக்கும் 2005-இல் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தத்தாலும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கு மகன்களைப் போலவே பங்கு உண்டென்று ஆன பின், சகோதரிகளிடம் கையெழுத்துக் கேட்டு வரும் விடுதலைப் பத்திரங்கள் பெருகின. ‘சும்மா ஒரு விடுதலைக் கையெழுத்துதான்’ என்று சொல்லிக் கூட்டி வருகிறவர்கள் உண்டு. விடுதலை என்பது காதுக்கு இனிமையான சொல்; அதன் இனிமையே இங்கே ஆபத்து. எழுதி முடித்ததும் ‘உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள், திரும்பக் கேட்க முடியாது’ என்ற வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுவது எழுத்தரின் கடமை என்றே நான் கருதுகிறேன், சட்டம் அவ்வாறு வற்புறுத்தாவிட்டாலும்.

ஆவணத்தின் தலைப்பைவிட உள்ளே உள்ள சொற்களுக்கே எடை என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் துணை நிற்கின்றன. பொதுவாக விடுதலை என்பது ஏற்கெனவே சொத்தில் பங்குடையவருக்குச் செய்து கொடுப்பது. பங்கே இல்லாத வெளியாளுக்கு விடுதலையால் உரிமை பிறப்பதில்லை. ஆயினும் 1960-களில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், விடுதலைப் பத்திரம் என்று தலைப்பிட்டிருந்தாலும் உரிமையை மாற்றிக் கொடுப்பதற்குப் போதுமான சொற்கள் உள்ளே இருக்குமானால் அது உரிமை மாற்றமாகவே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஆங்கில வரைவில் விடுதலையை அடுத்து ‘மாற்றிக் கொடுக்கிறேன்’, ‘உடைமையாக்குகிறேன்’ என்ற பொருளில் வரும் வினைகளை, அடுக்கிச் சொல்லும் வெறும் அலங்காரம் என்று நினைத்து ஒன்றாகச் சுருக்கிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். முத்திரைத் தீர்வையும் குடும்ப உறுப்பினர்களுக்கு ஒரு விதமாகவும் மற்றவர்களுக்கு வேறு விதமாகவும் இருப்பதால், உறவுமுறைச் சொல்லைத் துல்லியமாக எழுதுவதும் அவசியம். ‘கசின்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரியப்பா மகனா, அத்தை மகனா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் மீதான உரிமையை அற்றுப்போகச் செய்யும் ஆவணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால், இது வீட்டுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் தாளும் அல்ல.

ஆங்கிலத்தில் அடமானத்துக்கும் ‘ரிலீஸ்’ வரும். கடன் தீர்ந்து, வங்கி தன் பிடியை விடுகிறது. இதற்கு நம் பதிவு வழக்கில் ரசீது ஆவணம் என்று பெயர். இதை விடுதலைப் பத்திரம் என்று எழுதிவிட்டால், படிக்கிறவர் யாரோ ஒரு பங்காளி பங்கை விட்டுக்கொடுத்ததாகப் புரிந்துகொள்வார். பிடித்திருந்தது யார் என்ற முதற்கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தத் தடுமாற்றம் வராது.

தண்ணீர் வரும்போது

தாமிரபரணிப் பாசனத்தைப் பற்றி எழுதாமல் திருநெல்வேலியில் ஒரு செய்தியாளரின் ஆண்டு முடியாது. ஜூன் மாதம் கார் சாகுபடிக்கும், வடகிழக்குப் பருவமழையையொட்டிப் பிசான சாகுபடிக்கும் அணைகளிலிருந்து தண்ணீர் விடப்படுவது குறித்து அறிவிப்பு வரும். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று பெயர் சொல்லி, இத்தனை நாளைக்கு இத்தனை கன அடி என்று ஆணையில் இருக்கும். இங்கே எழுத வேண்டிய சொல் திறப்பு: ‘பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு’, ‘தண்ணீர் திறந்துவிடப்பட்டது’. ஷட்டரைத் திறப்பது ஒரு லஸ்கரின், அதாவது மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் கை. அதற்குப் பின்னால் அரசாணை. திட்டமிட்ட செயல் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

மழைக்காலத்தில் அதே அணையிலிருந்து போவது வேறு. பாபநாசத்தின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. நீர்வரத்து மிஞ்சி, மட்டம் நெருங்கிவரும்போது விடுவதற்கு ஆங்கிலக் குறிப்பில் அதே ‘ரிலீஸ்’தான் இருக்கும். தமிழில் இதை ‘உபரி நீர் வெளியேற்றம்’ என்றுதான் எழுத வேண்டும். திறப்பு என்று படித்த விவசாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவார். உபரி நீர் வெளியேற்றம் என்று படித்த ஆற்றங்கரைக்காரர் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் எடை புரியும். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது, தாமிரபரணி கரை புரண்டது. அத்தகைய நேரத்தில் எச்சரிக்கைக் குறிப்பைத் தமிழாக்குகிறவர் ஒரு சொல்லில் சோம்பினால் விளைவு தாளோடு நிற்காது.

குளம் நிறைந்து தானாக வழிவதற்கு மறுகால் பாய்தல் என்ற சொல் ஊர் முழுக்க இருக்கிறது. அங்கே யாரும் எதையும் விடவில்லை. ஆகவே ‘குளத்திலிருந்து நீர் வெளியேற்றப்பட்டது’ என்று எழுதுவது, இல்லாத ஓர் அதிகாரியை உண்டாக்குவதாகும். மதகோ மடையோ பழுதாகி ஒழுகினால் அது கசிவு. இன்னொரு குறிப்பு: ஆங்கிலத்தில் ‘கியூசெக்ஸ்’ என்பதற்குள்ளேயே வினாடி அடங்கியிருக்கிறது. தமிழில் ‘1,000 கன அடி தண்ணீர் திறப்பு’ என்று மொட்டையாக எழுதினால் மொத்தமே அவ்வளவுதான் என்று படிக்க இடமுண்டு. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர், வினாடிக்கு 1,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் இருபத்தெட்டாயிரம் லிட்டருக்கு மேல் போகிறது. ‘வினாடிக்கு’ என்ற சொல்லை இடமில்லை என்று தலைப்பில் விட்டாலும் முதல் வரியில் கட்டாயம் எழுத வேண்டும்.

சிறையும் வழக்கும்

ஆளைப் பொறுத்தவரை விடுதலை என்பது தமிழில் உயர்ந்த சொல். விடு என்னும் அடியிலிருந்து விடுப்பு, விடுமுறை, விடுதி, விடை என்று பலவும் கிளைத்திருக்க, அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் நான்காவதாக நிற்கும் வீடும் அதே அடியிலிருந்து வந்ததுதான். இவ்வளவு உயரமான சொல் என்பதாலேயே சட்டச் செய்திகளில் அது குழப்பம் உண்டாக்குகிறது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளிப்பதும் நாளிதழில் விடுதலை. தண்டனைக் காலம் முடிந்து சிறைக் கதவு திறப்பதும் விடுதலை. ஆங்கிலத்தில் முதலாவது வேறு சொல், இரண்டாவதுதான் ‘ரிலீஸ்’.

வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றை எழுதும்போது இந்தக் குழப்பம் தெளிவாகப் புலப்படும். 1908 ஜூலை 7-இல் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்தபின் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். ‘1912-இல் விடுதலை செய்யப்பட்டார்’ என்ற ஒற்றை வரியைப் படிக்கும் பள்ளிப்பிள்ளை, நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டதாக எண்ணக்கூடும். ‘சிறையிலிருந்து விடுதலையானார்’ என்று இடத்தைச் சேர்த்துவிட்டால் போதும். அதே போல நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் ‘வழக்கிலிருந்து விடுதலை’ என்று எழுத வேண்டும். குற்றச்சாட்டுப் பதிவாவதற்கு முன்பே பெயர் நீக்கப்பட்டால் ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’. ஜாமீனில் வந்தால் ‘ஜாமீனில் விடுவிப்பு’, அல்லது இன்னும் எளிமையாக ‘ஜாமீனில் வெளியே வந்தார்’. ஜாமீனில் வந்தவரைப் பற்றி விடுதலை என்று தலைப்பிடுவது வாசகரை ஏமாற்றுவதுதான். சுவரொட்டி அடிக்கிற கட்சிக்காரர்கள் அதை விரும்பலாம், செய்தியாளர் விரும்பக் கூடாது.

கடத்தப்பட்டவர் திரும்பி வந்த செய்தியில், கடத்தியவர்களே விட்டார்கள் என்றால் விடுவிப்பு. காவல்துறை போய்க் கொண்டுவந்தது என்றால் மீட்பு. உவரி, இடிந்தகரைக் கடற்கரைகளில் ‘மீனவர்கள் விடுதலை’ என்றால் அனைவருக்கும் விளங்கும். படகுகளுக்கு ‘விடுவிப்பு’ பொருத்தம், ஏனென்றால் உயிரில்லாததற்கு விடுதலை ஒட்டவில்லை. கொத்தடிமைத் தொழிலாளர் மீட்கப்படும்போது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் கொடுக்கப்படும் சான்றுக்கு விடுதலைச் சான்று என்றே பெயர் நிலைத்திருக்கிறது. செங்கல் சூளையிலிருந்து வந்தவர் கையில் அந்தத் தாள் இருக்கும்போது வேறெந்தச் சொல்லும் அங்கே நிற்காது.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தையொட்டிய ஊர்களில் கூண்டில் சிக்கும் கரடியையும் சிறுத்தையையும் வனத்துறையினர் கொண்டுபோய் விடுவார்கள். ‘அடர்ந்த வனப்பகுதியில் விட்டனர்’ என்பதே போதும். விட்டனர் என்ற இரண்டு அசைச் சொல்லை நம்பாமல் ‘விடுவித்தனர்’, ‘விடுதலை செய்தனர்’ என்று நீட்டுவதில் கரடிக்கும் பயனில்லை, வாசகருக்கும் பயனில்லை.

வெளியே வருவன

திரைப்படம், நூல், அஞ்சல் தலை, தேர்வு முடிவு, வாக்காளர் பட்டியல், மென்பொருள் ஆகியவற்றுக்கு வெளியீடு. அதிகமாக விளக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வினையின் வடிவம் மட்டும்தான். தமிழில் தன்வினையும் பிறவினையும் தனித்தனி: படம் வெளியானது, நிறுவனம் படத்தை வெளியிட்டது, ஆள் விடுபட்டார், நீதிமன்றம் அவரை விடுவித்தது. ‘தேர்வு முடிவு வெளியிட்டது’, ‘படம் வெளியிடுகிறது’ என்று இரண்டையும் கலந்து எழுதும் பழக்கம் பெருகி வருகிறது; ஆங்கில வினை இரண்டுக்கும் ஒரே வடிவத்தில் நிற்பதால் வந்த வினை அது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் ‘பிரஸ் ரிலீஸ்’ஸுக்குச் செய்திக்குறிப்பு, செய்தி வெளியீடு என்று இரண்டு பெயரும் உண்டு, எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுத வேண்டும்.

திரையரங்கைப் பற்றிப் பேசும்போது ‘ரிலீஸ்’ஸை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. “வெள்ளிக்கிழம ரிலீஸு” என்று டீக்கடையில் சொல்கிறவர் ஆங்கிலம் பேசுவதாக நினைப்பதில்லை. செய்தியின் உடலில் வெளியீடு என்றும், மேற்கோளில் ரிலீஸ் என்றும் எழுதினால் யார் மனமும் கோணாது.

மாத்திரை அட்டையில் வரும் ‘ரிலீஸ்’ஸுக்குச் சற்று நின்று போக வேண்டும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’ அல்லது ‘இ.ஆர்.’ என்று இரண்டு எழுத்து இருக்கும்; அதில் ‘ஆர்’ என்பது ரிலீஸ்தான். மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளிவிடும்படி செய்யப்பட்டவை அவை. அதைப் பொடித்தால் பிடி உடைந்து, நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். ஆகவே நோயாளிக்கான குறிப்பை ‘நீடித்த வெளியீட்டு மாத்திரை’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. ‘இது மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை, மருத்துவர் சொன்னாலொழிய உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது, முழுதாக விழுங்க வேண்டும்’ என்று எழுத வேண்டும். கஞ்சியில் பொடித்துக் கலந்து கொடுக்கிற வழக்கம் முதியவர்கள் உள்ள வீடுகளில் இருப்பதால் ‘பொடித்துக் கலக்கக் கூடாது’ என்பதைத் தனி வாக்கியமாகவே எழுதலாம்.

அலுவலகக் கடிதங்களில் நிதிக்கு நான்கு படிகள் உண்டு. ஒப்புதல், ஒதுக்கீடு, விடுவிப்பு, பட்டுவாடா. ‘ரிலீஸ்’ மூன்றாவது படி. ஒதுக்கியது விடுவிக்கப்படாமலும், விடுவித்தது பட்டுவாடா ஆகாமலும் கிடக்கக்கூடும் என்பது ஊராட்சித் தலைவர்கள் எல்லாருக்கும் தெரியும்; நாளிதழ் மட்டும் நான்கையும் ‘ஒதுக்கீடு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறது. மாறுதலான ஆசிரியரைப் பணியிலிருந்து விடுவிப்பது வேறு ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. ‘ரிலீவ்’ என்பது இலத்தீனில் தூக்குதல், பாரம் குறைத்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. தமிழில் இரண்டும் விடுவிப்பில் வந்து கூடிவிட்டாலும் குழப்பம் நேர்வதில்லை.

மூன்று கேள்விகளைக் கேட்டும் விடை தெரியாத குறிப்புகள் வரத்தான் செய்யும். ஆலையிலிருந்து வாயு ‘ரிலீஸ்’ ஆனது என்று ஒரே வரியில் ஆங்கிலக் குறிப்பு வந்தால், ஆலைக்காரர் வால்வைத் திறந்து விட்டாரா, குழாயில் விரிசல் விழுந்து தானாகப் போனதா என்பது அதில் இருக்காது. முன்னதற்கு வெளியேற்றம், பின்னதற்குக் கசிவு. இரண்டுக்கும் பொறுப்பு வேறு, வழக்கும் வேறு. குறிப்பு அனுப்பிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, திறந்தது யார் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை ‘வாயு வெளியேறியது’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். ‘வெளியேற்றப்பட்டது’ என்று ஒருவர் தலையில் கட்டவோ, ‘கசிந்தது’ என்று ஒருவரைக் காப்பாற்றவோ மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை.